ப்ரொஃபிபஸ் அடாப்டரை ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? ₹74,000 போன கதையைப் படிச்சிட்டு வாங்குங்க

நாலு அடாப்டர், ஒண்ணு ₹18,500. மொத்தம் ₹74,000. முழுசும் அட்வான்ஸ். இப்ப பணமும் இல்லை, அடாப்டரும் இல்லை.

பேர் போடலை. எல்லா பிராண்டு ஆட்டோமேஷன் ஸ்பேரும் ரெடி ஸ்டாக்னு விளம்பரம் பண்ற ஒரு ஆன்லைன் தளம். மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் ஓட்டுற நாலு ஏபிபி ஏசிஎஸ்580 டிரைவை (மோட்டார் வேகத்தை மாத்துற பெட்டி) பிஎல்சியோட (மெஷின்களைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ப்ரொஃபிபஸ்ல (ரெண்டும் கேபிள் வழியா பேசிக்கிற நெட்வொர்க்) சேர்க்கணும், அதுக்கு டிரைவ்ல சொருகுற அடாப்டர் மாட்யூல்தான் எஃப்பிபிஏ-01. போன் பண்ணதும் அந்த ஆள், "ஏசிஎஸ்550க்கு ஆர்பிபிஏ அடாப்டர், 580க்கு எஃப்பிபிஏ, மாத்தி வாங்கிடாதீங்க சார். ஸ்லாட் 1 காலியா இருக்கா?"னு கேட்டார். விஷயம் தெரிஞ்சவர்னு நம்பிக்கை வந்தது அந்த ஒரு கேள்வியிலதான். சீல் பிரிக்காத பெட்டி போட்டோவும் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு.

வந்த பெட்டி புதுசு. உள்ளே இருந்தது ஏற்கெனவே எங்கேயோ ஓடின சரக்கு. மவுண்டிங் ஸ்க்ரூவோட தலை தேஞ்சிருக்கு, 9 பின் கனெக்டர் நட்டு ரெண்டுலயும் கீறல், சீரியல் ஸ்டிக்கருக்கு அடியில பழைய ஸ்டிக்கரோட பசை. ரெண்டு வேலை செஞ்சது. ரெண்டு செத்தது.

செத்ததுன்னு எப்படிச் சொல்றோம்? மாட்யூலை ஸ்லாட்ல அழுத்தி, ஸ்க்ரூவை முழுசா முறுக்கி (எர்த் அது வழியாத்தான்), டிரைவ் செட்டிங்ல 50.01 பாராமீட்டரை எனேபிள் பண்ணினா 51.01 பாராமீட்டர்ல ப்ரொஃபிபஸ்னு டைப் வரணும். ப்ரொஃபிபஸ் கேபிளே மாட்ட வேண்டாம். இது டிரைவுக்கும் மாட்யூலுக்கும் நடுவுல நடக்கிற பேச்சு. இந்த ரெண்டும் எந்த டிரைவ்ல போட்டாலும் 51.01-ல 'நன்' (எதுவும் இல்லை). அதே ஸ்லாட்ல நல்ல மாட்யூலைப் போட்டா உடனே டைப் காட்டுது. இதுக்கு மேல என்ன நிரூபணம்?

அதுக்கு வந்த பதில்களைப் பாருங்க. முதல்ல "டெர்மினேஷன் செக் பண்ணுங்க." (கேபிள் முனையில போடுற ரெசிஸ்டர் அது.) கேபிளே மாட்டலைய்யா! அப்புறம் "ஜிஎஸ்டி ஃபைல் தப்பு" (பில்லுல வர்ற ஜிஎஸ்டி இல்லை, அடாப்டர் விவரத்துக்காக பிஎல்சியில ஏத்துற ஃபைல்). அது மாஸ்டர், அதாவது பிஎல்சி பக்கத்து வேலை, 51.01-ஐத் தொடவே தொடாது. அடுத்து "கண்ட்ரோல் வேர்ட் தப்பு" (டிரைவை ஓட்ட பிஎல்சி அனுப்புற கட்டளை எண்). நல்ல ரெண்டும் அதே 1150, அடுத்து 1151-லதான் ஸ்டார்ட் ஆச்சு. கடைசியா, "நாலையும் அனுப்புங்க, டெஸ்ட் பண்ணி மாத்தித் தர்றோம்." அனுப்பியாச்சு. அதுக்கப்புறம் வந்தது ஒரே ஒரு மெசேஜ்: "இன்ஸ்டாலேஷன் டேமேஜ், வாரன்ட்டி கிடையாது. கம்பெனி பேர்ல பில், நுகர்வோர் கோர்ட்டுக்குக்கூட நீங்க போக முடியாது." ₹74,000 வாங்கிட்டு சட்டமும் சொல்லித் தர்றாங்க! வணிகத்துக்கு வாங்கினா அந்தச் சட்டத்துல நாம நுகர்வோர் இல்லைங்கிறது அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

வாங்குறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா:

பில்லுல ஒவ்வொரு சீரியல் நம்பரும் இல்லாம பணம் போடாதீங்க. எங்க பில்லுல வெறும் "4 நம்பர்ஸ்"தான். பெட்டி பிரிக்கிறதுல இருந்து 51.01 வரைக்கும் ஒரே வீடியோவா எடுங்க. மாட்யூலைக் கழட்டி மாட்டும்போது சப்ளையை ஆஃப் பண்ணி 5 நிமிஷம் விடுங்க, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். தூரம் கம்மி, சும்மா ஸ்டார்ட் ஸ்டாப், ஸ்பீடு மட்டும் போதும்னா 580-லயே மாட்பஸ் ஆர்டியு (ப்ரொஃபிபஸ் மாதிரி இன்னொரு இணைப்பு முறை) இருக்கு, பாராமீட்டர் குரூப் 58 பாருங்க, அடாப்டரே வேண்டாம். எங்க பிஎல்சியில அந்த போர்ட் இல்லை.

முக்கியமா, வேலை செய்யற மாட்யூலைத் திருப்பி அனுப்பாதீங்க. செத்ததை மட்டும் அனுப்புங்க, அதுவும் எழுத்துல ஆர்எம்ஏ நம்பர் (திருப்பி அனுப்ப அவங்க தர்ற அனுமதி எண்) வாங்கிட்டு.