ஆத்தங்குடிக் கல்லை அசல் அளவில் அச்சடிக்க பைத்தான் பில்லோ: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

காரைக்குடிப் பக்கம் டிசைன் வேலை பார்க்கிறவர்களிடம் அடிக்கடி வருவது இது: தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுத்து, அதே அளவில் தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வீடு கட்டுகிறவர் தாள்களைத் தரையில் பரப்பி, எது பார்டர் எது நடுவில் என்று பார்த்துத்தான் ஆர்டர் சொல்வார். அதனால் பத்து அங்குலக் கல் பத்து அங்குலமாகவே வந்தாக வேண்டும். 3000 பிக்சல் படத்தில் டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண், 300 என்று இருந்தால் சரியாகப் பத்து அங்குலம். 72 என்று இருந்தால் அதே படம் 41 அங்குலத்தைத் தாண்டிவிடும், ஒரு பிக்சல்கூட மாறாமலே.

ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? பைத்தானில் படங்களைக் கையாளுகிற நூலகமான பில்லோவில் படத்தைத் திறந்து, இன்ஃபோ டிக்‌ஷனரியில் டிபிஐயைக் கேட்டால் அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று ஜோடியாகத் தரும். சில படங்களில் அந்தத் தகவலே இருக்காது, அதனால் 'கெட்' போட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் பாதி ஃபோல்டரில் எரர் வந்து நிற்கும். பிஎன்ஜியில் 300 எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் 299.9994 என்று வரும். பயப்பட வேண்டாம், பிஎன்ஜி மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று முழு எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும், அது 11811. ரவுண்ட் பண்ணிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு நட்சத்திரத்தை நான் பிடித்து வைத்தது 'சேவ்' விஷயத்தில். டிபிஐயை மறுபடி நாமே சொல்லாவிட்டால், படிக்கும்போது இருந்த எண்ணை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும், கேமரா படத்தோடு சேர்த்து எழுதுகிற எக்ஸிஃப் தகவலுக்கும் அதே கதிதான். அதோடு ஜேபெக்கில் குவாலிட்டி சொல்லாவிட்டால் 75ல் சுருக்கிவிடும். சிவப்பும் பச்சையும் சந்திக்கிற கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறம் கசிந்திருப்பது தெரியும், கல்லுக்கு அழகே அந்தக் கோடுதானே. குவாலிட்டி 95 கொடுங்கள், நிறத் தகவலைக் குறைக்கிற சப்சாம்ப்ளிங்கையும் 0 என்று வையுங்கள், 95 மட்டும் கொடுத்தால் கசிவு முழுசாக நிற்காது. டிபிஐ எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்றால் பில்லோவே வேண்டாம், எக்ஸிஃப்டூல் என்ற தனி மென்பொருள் படத்தைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிவிடும். ஓரத்தை வெட்டி, நிமிர்த்தி, அளவு போட்டு நூறு படத்தை ஒரே மூச்சில் சேமிக்கத்தான் பில்லோ.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு 300 எழுதித் தரச் சொல்கிறவர்களுக்கு: தாராளமாக எழுதலாம், 600 பிக்சல் படம் இரண்டு அங்குலத்துக்கு வரும், அவ்வளவுதான்.