பிரேக் லிங்க்ஸா, பேஸ்ட் வேல்யூஸா: அறிக்கையை அனுப்பும் முன் எக்செல் இணைப்புகளை நீக்கும் வழிகள்

பன்னிரண்டு மாதச் சம்பளத் தாள்களும், அவற்றிலிருந்து தொகைகளை எடுத்துக் காட்டும் ஒரு சுருக்கத் தாளும் கொண்ட எக்செல் கோப்பில், சுருக்கத்தை மட்டும் வெளியாருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தாள்களை நேரடியாக நீக்கிவிட்டால், அவற்றைச் சுட்டிய செல்கள் அனைத்திலும், சுட்டிய இடம் இல்லை என்னும் ரெஃப் (#REF!) பிழையே மிஞ்சும். மறைத்து அனுப்புவதும் பயனற்றது. தாளின் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'அன்ஹைட்' கொடுக்கத் தெரிந்த எவரும் அனைவரின் சம்பளத்தையும் பார்த்துவிடலாம்.

பலரும் முதலில் நாடுவது, 'டேட்டா' பட்டியில் 'எடிட் லிங்க்ஸ்' என்றும், மைக்ரோசாஃப்ட் 365-இல் 'ஒர்க்புக் லிங்க்ஸ்' என்றும் இருக்கும் பகுதியிலுள்ள 'பிரேக் லிங்க்ஸ்' வசதியைத்தான். ஆனால் அது வேறு கோப்புகளுக்குச் செல்லும் இணைப்புகளை மட்டுமே அறியும். ஒரே கோப்பின் தாள்களுக்கு இடையிலான இணைப்புகள் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. நம் சம்பளக் கோப்பில் அது எதையும் செய்யாது.

'பேஸ்ட் வேல்யூஸ்' அப்படிப் பாகுபாடு பார்ப்பதில்லை. தாள் முழுவதையும் தேர்ந்து, கன்ட்ரோல்-சி, பின்பு கன்ட்ரோல்-ஆல்ட்-வி, அதன்பின் வி, என்டர் என்று அழுத்தினால், சூத்திரங்கள் அனைத்தும் எண்களாகிவிடும். வண்ணமும் கட்டங்களும் அப்படியே இருக்கும். வடிகட்டி போட்டிருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும். குறை என்னவென்றால், சுருக்கத் தாளுக்குள்ளேயே இருக்கும் கூட்டல், விழுக்காட்டுச் சூத்திரங்களும் சேர்ந்தே போய்விடும்; பெறுபவர் கணக்கைச் சரிபார்க்க விரும்பினால் அவருக்கு வெறும் எண்களே கிடைக்கும்.

எனவே, சரிபார்ப்புக்குப் போகும் அறிக்கைகளுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை. சுருக்கத் தாளின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, 'மூவ் ஆர் காப்பி' மூலம் புதிய கோப்புக்கு நகல் எடுத்தால், மாதத் தாள்களைச் சுட்டிய சூத்திரங்கள் யாவும் மூலக் கோப்பைச் சுட்டும் வெளி இணைப்புகளாக மாறிவிடும். பலர் இதைத் தொல்லையாகக் கருதுகிறார்கள். உண்மையில் இதுவே வசதி. இப்போது 'பிரேக் லிங்க்ஸ்' கொடுத்தால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் எண்களாகி, தாளின் சொந்தச் சூத்திரங்கள் உயிரோடு நிற்கும். இதைத் திரும்பப் பெற இயலாது என்றாலும், நடப்பது நகலில் என்பதால் மூலக் கோப்புக்கு ஆபத்தில்லை.

நகல் எடுத்ததோடு நிறுத்திவிட்டு, இணைப்பை அறுக்காமல் அனுப்புவதுதான் பெரிய பிழை. எக்செல் இயல்பாகவே வெளி இணைப்புகளின் கடைசி மதிப்புகளைக் கோப்புக்குள் சேமித்து வைக்கும். ஒரே ஓர் ஊழியரின் சம்பளத்தை எடுக்க அட்டவணையில் தேடி மதிப்பை எடுக்கும் ஒரு விலுக்கப் (VLOOKUP) சூத்திரம் முழு அட்டவணையையும் சுட்டியிருந்தால், அந்த அட்டவணையின் மதிப்புகளும் கூடவே பயணிக்கும்.

தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் அட்டவணை இருந்தால் என் தேர்வு மாறுகிறது. அது தன் மூலத் தரவின் நகலைத் தன்னுள் வைத்திருப்பதால், வேறு கோப்புக்கு மாற்றினாலும், ஒரு கூட்டுத்தொகையை இரட்டைக் கிளிக் செய்தால் அதன் பின்னுள்ள வரிகள் அனைத்தும் புதிய தாளில் விரிந்துவிடும். 'பிரேக் லிங்க்ஸ்' இதைத் தொடுவதில்லை. பிவட் முழுவதையும் தேர்ந்து மதிப்புகளாக ஒட்டுவதே பாதுகாப்பு.

படிக்க மட்டும் தரும் அறிக்கைக்கு பிடிஎஃப் போதும். அதில் வேறு யோசனை தேவையில்லை.

எந்த வழியில் சென்றாலும், அனுப்பும் கோப்பில், செல்களுக்கு இட்ட பெயர்களைப் பட்டியலிடும் 'நேம் மேனேஜர்' பகுதியைத் திறந்து, மூலக் கோப்பைச் சுட்டும் பெயர்கள் எஞ்சியிருந்தால் அழித்துவிட வேண்டும்; இணைப்பை அறுக்கும்போது அவை தாமாக நீங்குவதில்லை. டேட்டா வேலிடேஷன் (செல்லில் எதை உள்ளிடலாம் என்னும் விதி), கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நிபந்தனைப்படி செல்லின் தோற்றத்தை மாற்றும் விதி) ஆகியவற்றிலும் இணைப்புகள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் அறுத்த பின்னும் கோப்பைத் திறக்கையில் இணைப்புகளைப் புதுப்பிக்கவா என்று எக்செல் கேட்டால், தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவையே.