பத்து ஆண்டு, ஒரு எம்எக்ஸ்-5: சிங்கப்பூர் வெயிலிலும் மழையிலும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எப்படி வயதாகிறது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “இன்ஜின் எப்படிப் பார்ப்பது?” என்றுதான். இன்ஜினைக் கடைசியில் பார்க்கலாம். கூரை திறக்கும் காராக இருந்தால், முதலில் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கிறதா, புழுக்க வாடை வருகிறதா? சிங்கப்பூரில் இந்த வகைக் கார்களைக் காலி செய்வது கிலோமீட்டர் இல்லை; தண்ணீரும் வெயிலும்தான். பத்து ஆண்டாக ஒரே காரை வைத்திருந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

என்னுடையது 2010 மார்ச்சில் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5. மூன்றாம் தலைமுறை; பிரியர்கள் ‘என்சி’ என்பார்கள். 2 லிட்டர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், மடங்கி உள்ளே போகும் கடினக் கூரை. 2015-இல் 78,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். அப்போது 62,000 கிமீ ஓடியிருந்தது, இப்போது 171,000. தினமும் ஈசூனிலிருந்து வேலைக்குப் போய் வருவது இதில்தான். விடுமுறையில் பாலத்தைத் தாண்டி மலேசியா. வாரம் ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடி வைக்கிற காட்சிப் பொருளாக அது இருந்ததே இல்லை.

விலைக் கணக்கைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கே கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1990-இல் வந்த முறை அது, நாங்கள் சிஓஇ என்போம். ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து ஆண்டுதான் செல்லும். பத்து ஆண்டு முடியும்போது இரண்டு வழி. காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டு, பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து, கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி, ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்துக்குப் புதுப்பித்தால் அதோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது.

2020 மார்ச்சில் எனக்கு அந்த முடிவு வந்து நின்றது. திரும்பக் கிடைக்கக்கூடிய 15,000 வெள்ளி அளவை விட்டேன். பத்து ஆண்டுக்கு 30,000 சொச்சம் கட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 வெள்ளி. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் அதே கார் எனக்கு ஆண்டுக்கு 12,000-க்கு மேல் தின்றிருக்கிறது. இளமையான காருக்குத்தான் அதிகம் இழந்தேன், வயதான காருக்குக் குறைவாக. சாலை வரி மட்டும் வயதுக்கு ஏற்ப ஏறும். பத்து ஆண்டு தாண்டியதும் 10 விழுக்காடு கூடுதல், பிறகு ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். ஆண்டுக்கொரு முறை கட்டாயச் சோதனை. இவை எல்லாம் சேர்த்தும் கணக்கு எனக்குச் சாதகம்தான்.

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது. அந்த வாரம் ஒரு தரகர் என் காருக்குக் கேட்ட விலை, 2020-இல் நான் கட்டியதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கீழே போய்க் காரைப் பார்த்தேன். முன் பம்பரில் அதே கல் தெறித்த புள்ளிகள், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரத்தில் அதே தேய்மானம். காரில் ஒரு திருகாணிகூடப் புதிதாகியிருக்கவில்லை. விலை ஏறியது சிஓஇ என்ற தாளுக்கு. இங்கே ஒரு காரின் விலையை வைத்து அதன் நிலையை எடைபோடவே கூடாது. அழகாகப் பேணப்பட்ட காரும், உள்ளே பூஞ்சணம் பிடித்த காரும், சிஓஇ ஒரே மாதத்தில் முடிகிறதென்றால் விளம்பரத்தில் கிட்டத்தட்ட ஒரே விலைக்குத்தான் நிற்கும். நல்லதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வாய்ப்பு.

இனி தயாரிப்புத் தரம். வாங்குவதற்கு முன் மூன்று கார்களைப் பார்த்தேன்: இது, ஹோண்டா எஸ்2000, போர்ஷ பாக்ஸ்டர் (2005-க்குப் பிந்தைய 987). எஸ்2000-இன் இன்ஜின் போல ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. 2 லிட்டர், டர்போ கிடையாது, 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போகும். 6,000-க்கு மேல் விடெக் (வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு) விழித்துக்கொள்ளும்போது காரின் குரலே மாறும். ஆனால் இந்த ஊர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிமீ. அந்தக் குரலை இரண்டாவது கியரில், நுழைவுச் சரிவில், மூன்று விநாடி கேட்கலாம். பிறகு விளக்குச் சிக்னல்களுக்கு இடையே காரை 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும், அங்கே அது சாதாரண கார்தான். எம்எக்ஸ்-5-இன் இன்ஜினுக்கு அந்தப் பெருமை எதுவும் இல்லை. ஆனால் ஈசூன் அவென்யூவில் 50-இல் போகும்போதும் கையிலும் இருக்கையிலும் சாலை தெரிகிறது. 1,150 கிலோ அளவுதான் எடை. எனக்கு அது போதும். 2009-இல் எஸ்2000 உற்பத்தி நின்ற பிறகு அதன் விலை ஏறிக்கொண்டே போனதையும் அறிவேன். முதலீடாகப் பார்த்தால் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். நான் ஓட்ட வாங்கினேன்.

பாக்ஸ்டர் வேறு கதை. எங்கள் புளோக்கில் ஒரு அண்ணன் 2009-க்குப் பிந்தைய 987 வைத்திருக்கிறார். அவரோடு மலேசியாவின் தேசாரு கடற்கரை வரை போனபோது திரும்பும் வழியில் என்னை ஓட்டச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், உடல் கட்டுமானத்தில் அது என் காரைவிட ஒரு படி மேல். கூரையைத் திறந்து வைத்து மோசமான சாலையில் போனாலும் கண்ணாடிச் சட்டம் அதிரவில்லை. கதவு மூடும் ஓசை கனமாக, ஒரே தட்டில் முடிகிறது. 2009 மாற்றத்தில்தான், பழைய பாக்ஸ்டர்களில் உடைந்தால் இன்ஜினையே கெடுக்கும் என்று எல்லோரும் பயந்த இடைத்தண்டு பேரிங்கே இல்லாத புது இன்ஜின் வந்தது. இங்கே 987 வாங்குகிறவர்கள் அதற்காகவே 2009-ஐத் தேடுவார்கள்.

ஆனால் இன்ஜின் நடுவில் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. பின்பக்கப் பெட்டியைத் திறந்தால் ஆயிலும் கூலன்டும் ஊற்ற இரண்டு வாய் இருக்கும், அவ்வளவுதான். எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கூரையைப் பாதியில் தூக்கி நிறுத்த வேண்டும், இருக்கைக்குப் பின்னால் உள்ள தகட்டைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அடியிலிருந்து போக வேண்டும். “தம்பி, பொருள் விலை பயமில்லை. கைக்கூலிதான் ஓடுது, டாக்சி மீட்டர் மாதிரி,” என்றார் அண்ணன். என் காரில் பானட்டைத் திறந்தால் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கை நுழைகிறது. ஸ்பார்க் பிளக்கை நானே கார்நிறுத்தத்தில் மாற்றுவேன். வால்வுகளை ஓட்டுவது சங்கிலி என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது. பத்து ஆண்டுச் செலவில் பெரும் பங்கு டயர், பிரேக், பேட்டரி, சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ். என்னைக் கேட்டால், பதினைந்து வயதுக் காரின் தரம் என்பது கதவு ஓசையில் பாதி, கை நுழையும் இடத்தில் பாதி.

உள்பக்கத்தில் ஒரு விசித்திரம் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது மலிவாகத் தெரிந்த கடினமான பிளாஸ்டிக்தான் இந்த ஊரில் நன்றாக வயதாகிறது. 2000-களில் வந்த விலையுயர்ந்த ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் பட்டன்களுக்கும் கைப்பிடிகளுக்கும் மென்மையான ரப்பர் போன்ற பூச்சு பூசியிருப்பார்கள். ஈரக்காற்றில் அந்தப் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். கூரையின் உள்பக்கத் துணி பசை விட்டுத் தொங்குவதும் இந்த ஊர் வெப்பத்தால்தான். என் காரின் டேஷ்போர்டு இன்றும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதைத் தொடுவதில் இன்பம் ஒன்றும் இல்லை, ஆனால் அப்படியே இருக்கிறது.

கூரைக்கு வருகிறேன். இந்தக் காரை வாங்கியதற்கே அது காரணம். பட்டனை அழுத்தினால் 12 விநாடி. மூன்று துண்டாக மடிந்து இருக்கைக்குப் பின்னால் போய்விடும், பின்பெட்டியில் ஒரு லிட்டர் இடம்கூடக் குறையாது. துணிக் கூரையைவிட 37 கிலோ அளவுதான் கூடுதல். வெயிலில் துணி வெளுப்பது, தையல் விடுவது, கண்ணாடி ஓரம் பிரிவது எதுவும் இதில் கிடையாது. இவ்வளவு நல்ல கூரைக்கும் ஓரம் முழுக்க ரப்பர் உண்டு. அந்த ரப்பருக்கு அடியில் ஓடும் தண்ணீர் வெளியே போக இரண்டு வடிகுழாய் உண்டு. கூரை திறக்கும் எந்தக் காரிலும் உயிர்நாடி அந்தக் குழாய்தான்.

முதல் மூன்று ஆண்டு என் இடம் திறந்தவெளி நிறுத்தம், தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில். நிழல் என்று மகிழ்ந்தேன். அந்த மரத்தின் இலை சின்னச் சின்னச் சிற்றிலைகளாக உதிரும். மழையில் கூரை ஓரத்தில் வழிந்து நேரே குழாய் வாய்க்குப் போகும். 2017 டிசம்பர் மழையில் ஒரு நாள் காலை, பிரேக் போடும்போது பின்னால் தளக் தளக் என்று சத்தம். இருக்கைக்குப் பின்னால் கைவிட்டால் தரைவிரிப்பு பஞ்சு மாதிரி நீர் குடித்து நிற்கிறது. அருகில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். ரப்பர் கெட்டுவிட்டது என்று சொல்லி, ஓரமெங்கும் சிலிக்கான் பசை பூசி 380 வெள்ளி வாங்கினார்கள். அடுத்த மழையில் இன்னும் அதிகத் தண்ணீர். அவர்கள் பூசிய பசை, தண்ணீர் வெளியேற மிச்சம் இருந்த வழியையும் அடைத்திருந்தது. அந்தக் கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை. பணத்துக்காக மட்டும் இல்லை. பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைத்ததற்காக.

காக்கி புக்கிட்டில் இருக்கும் இன்னொரு மெக்கானிக், அறுபது வயது சீன அங்கிள், முதலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கூரை ஓரத்தில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். வலது பக்கம் சொட்டியது, இடது பக்கம் சொட்டவில்லை. புல்வெட்டும் கருவியில் போடும் தடித்த நைலான் கயிற்றை வடிகுழாயின் வாய்க்குள் நுழைத்து, முறுக்கி முறுக்கி உள்ளே தள்ளினார். கறுப்பாக ஒரு சேறு, தேநீர்த் தூள் சக்கை போல, கீழே பொத்தென்று விழுந்தது. பிறகு தண்ணீர் சீராக வடிந்தது. பத்து நிமிட வேலை. பசையைச் சுரண்டி எடுக்கத்தான் அரை நாள் ஆனது.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கொருமுறை நானே செய்கிறேன். ஒரு கயிறு, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய பல்துலக்கி. ரப்பரைத் துலக்கியால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லத் தடவுவேன். கையில் தடவும்போதே ரப்பரின் வயது தெரியும். நல்லது விரலுக்கு அமுங்கி மீளும். கெட்டது மீளாது, ஓரத்தில் நகக்கீறல் போல வெடிப்பு விட்டிருக்கும். பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் முதல் ரப்பர்தான், முன்கண்ணாடி மேல் உள்ள ஒன்றைத் தவிர. 2018-இல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி நிறுத்தத்தில் நான்காம் தளத்தில் இடம் கிடைத்தது. காருக்கு நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அது. எந்த மெழுகும் பூச்சும் அதற்கு ஈடாகாது.

திறக்கும் கூரையே வேண்டாம் என்பவர்களுக்கு 2012-இல் வந்த டொயோட்டா 86 நல்ல தேர்வு, குழாய்த் தொல்லை கிடையாது. முதல் ஆண்டுக் கார்கள் சில 2018-இல் வால்வு ஸ்பிரிங்குக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இன்ஜினை இறக்கிச் செய்யும் வேலை அது, ஆகவே செய்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஸ்2000-ஐ மனம் விரும்பினால், சிஓஇ நீண்டு இருக்கும் காரைத் தேடி, கேட்கும் விலையைக் கொடுத்து வாங்குங்கள், வருந்த மாட்டீர்கள். பாக்ஸ்டர் வாங்குகிறவர் வாங்கும் விலைக்கு மேல் ஒரு தொகையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு வாங்கட்டும். மூன்றையும் ஓட்டிய பிறகும் நான் என் காருக்கே திரும்பி வருவேன். எடை குறைந்த கார் எல்லாவற்றையும் மெதுவாகத் தேய்க்கிறது: டயர், பிரேக், புஷ், பெட்ரோல். எடைதான் செலவு என்பதை என் ரசீதுக் கோப்பில் ஆண்டுக்காண்டு பார்த்திருக்கிறேன்.

என் சிஓஇ 2030 மார்ச்சில் முடிகிறது. அப்போது மறுபடி புதுப்பிக்கலாம், சட்டம் இடம் தருகிறது. விலை என்னவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இப்போதே மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறேன். இடது கதவின் மேல் ரப்பர் இந்த ஆண்டுதான் விரலுக்கு மீளத் தயங்க ஆரம்பித்திருக்கிறது. டிசம்பர் மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.