மலையகத்துக்கு முதலில் எந்த லென்ஸ்: 70-200ஆ, 100-400ஆ?

பழைய கேனன் 700டி கமராவில் 55-250 மி.மீ. லென்ஸைப் (எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) போட்டுக்கொண்டு விடியுமுன் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரையில் நின்றால், சிவனொளிபாதமலை உச்சியும் அதற்கு ஏறும் விளக்கு வரிசையும் படத்தை நிறைத்துவிடும். பெரிய சென்சர் (படம் பதியும் தகடு) கொண்ட ஃபுல் ஃபிரேம் கமராவுக்கு மாறி, கேனன் இஓஎஸ் ஆர்பி-யோடு வந்த 24-105 லென்ஸுடன் அதே கரையில் நின்றேன். முழுதாக நீட்டியும் விளக்கு வரிசை ஒரு நூலாகத்தான் விழுந்தது.

காரணம் எளிது. 700டி-யின் சென்சர் சிறியது. அதில் 250 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் 400-க்குச் சமம். புதிய கமராவின் 105, பழைய கணக்கில் வெறும் 66. அடப்டர் போட்டுப் பழைய லென்ஸையே மாட்டலாம். ஆனால் அது சின்ன சென்சருக்கான லென்ஸ் என்பதால் கமரா நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், 26 மெகாபிக்சல் 10 ஆகச் சுருங்கிவிடும். அதற்கா இவ்வளவு செலவழித்தோம்?

ஆகவே எனக்கு முதல் தேவை நீள லென்ஸ். போட்டி ஆர்பி-யில் நேராக மாட்டும் ஆர்எஃப் வரிசை லென்ஸ்கள் இரண்டுக்குள்: ஆர்எஃப் 70-200 எஃப் 4, ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8. எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். வெளிவந்தபோது முதலாவதின் விலை 1,599 டொலர், மற்றது 649 டொலர். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை: 695 கிராம், 635 கிராம்.

70-200-இன் பலம் வெளிச்சமும் மழைக் காப்பும். இரவுத் தேர்த் திருவிழாவில் எஃப் 4-க்கும் எஃப் 8-க்கும் உள்ள தூரம் நான்கு மடங்கு வெளிச்சம். ஹட்டன் பக்கம் ஆடி மாதத்தில் தூறல் நிற்கவே நிற்காது. 100-400-க்கு அந்தக் காப்பு கிடையாது, உறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். திருவிழாவும் கலியாணமும்தான் தொழில் என்றால் தயங்காமல் 70-200 வாங்குங்கள்.

நான் எடுப்பது பெரும்பாலும் மலையும் தோட்டமும். மலை அசையாது. முக்காலியில் வைத்துவிட்டால் எஃப் 8 ஒரு குறையே இல்லை. மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய பழைய கோயில்கள் வெளியே தெரியும். சேற்றில் இறங்காமல் அவற்றின் சிற்பத்தை எட்டிப் பிடிக்க 200 போதாது, 400 வேண்டும். கொழுந்து மலையிலும் அப்படியே. கொழுந்து பறிப்பவர்களிடம் முதலில் போய்க் கேட்டுவிடுவேன். "எடுங்க தம்பி, நிக்கச் சொல்லாதீங்க" என்பார்கள். நிறுத்தினால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். தூரத்து வரப்பிலிருந்து 300-இல் எடுத்தால் அவர்கள் கை நிற்பதில்லை. பின்னாலுள்ள தேயிலை வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் வரும். அப்புறம், இந்த லென்ஸ் 88 சென்ரிமீற்றர் வரை கிட்டே போகும். இரண்டு இலையும் மொட்டும், அதன்மேல் பனித்துளியும் அப்படி அழகாக விழுகின்றன. நான் வாங்கியது இதைத்தான்.

அடுத்தது வீட்டுக்குள் எடுக்க. ஆர்எஃப் 50 எஃப் 1.8-ஐ எல்லோரும் சொல்வார்கள்: மலிவு, 160 கிராம். ஆனால் நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. சடங்கு வீட்டில் பெண்ணை மணையில் உட்கார்த்தி, தாய்மாமன் மாலையோடு நிற்க, ஆலாத்தித் தட்டோடு இரண்டு அத்தைமார் வந்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது சுவரோரம்தான். 10 அடி தூரத்திலிருந்து 50 பிடிப்பது 7 அடி அகலம். கரையில் நிற்கும் அத்தையின் கை வெட்டுப்படும். அதே இடத்திலிருந்து 35 பிடிப்பது 10 அடி, அத்தனை பேரும் உள்ளே. ஆர்பி-யின் உடலுக்குள் அதிர்வு தாங்கும் வசதி இல்லை. ஆர்எஃப் 35 எஃப் 1.8-இல் லென்ஸிலேயே இருக்கிறது, 50-இல் இல்லை. விலை கூடினாலும் 35-தான் சரி. சின்ன சென்சரில் 50-ஐப் போட்டு முகங்கள் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒன்று: நீங்கள் விரும்பியது உண்மையில் 80-இன் பார்வை. புதிய கமராவில் அதைத் தருவது 85 எஃப் 2.

அகல லென்ஸை நான் தள்ளிப்போட்டிருக்கிறேன். ஆர்எஃப் 16 எஃப் 2.8 சின்னது, மலிவு. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுக்க நல்லது. ஆனால் மலையைப் பார்த்துத் திருப்பினால் சிவனொளிபாதமே ஒரு மேடாகிவிடும், மேலே பாதிப் படத்துக்கு வெள்ளைப் பனிமூட்டம். பழைய 18-55-இன் அகலமான பக்கம் ஃபுல் ஃபிரேமில் 29. கையில் இருக்கும் 24 அதைவிட அகலம்தானே.

மிச்சப்பட்ட காசில் லென்ஸின் முன்னால் திருகும் 67 மி.மீ. போலரைசர் (மினுக்கம் அடக்கும் கண்ணாடி) ஒன்று வாங்கினேன். 24-105, 100-400 இரண்டுக்கும் அதே அளவு. மழை விட்டதும் தேயிலை இலையில் படியும் வெள்ளை மினுக்கத்தை அதைத் திருப்பி அடக்கினால், அடியிலிருந்து பச்சை எழுந்து வரும். கூடவே மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். இந்த ஈரத்தில் லென்ஸைப் பையிலேயே விட்டுவைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். என் 55-250-இன் உள்ளே ஏற்கெனவே சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கிறது.