உலோகம் உழைக்கிறது, தசைநாண்தான் தொங்குகிறது

என் செயற்கை முட்டியின் கீலில் இருக்கும் பிளாஸ்டிக் உறை, அதாவது புஷ், தேய்ந்து மாற்றிக்கொண்டு வந்ததைக் கேள்விப்பட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவர் பையனுக்கும் என்னைப் போல முட்டிக்குக் கீழே எலும்பை அரிக்கும் ஜெயன்ட் செல் கட்டி. அந்த எலும்பை எடுத்துவிட்டு, மூட்டோடு சேர்ந்த பெரிய உலோக மாற்று, அதாவது மெகா ப்ராஸ்தெசிஸ், வைக்கச் சொல்கிறார்களாம். உனக்கு வைத்தது எப்படி இருக்கிறது என்றார்.

உலோகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எலும்புக்குள் இறங்கிய தண்டு அசையவில்லை, கீல் மடங்குகிறது. பிளாஸ்டிக் புஷ் தேயும் என்று முதலிலேயே சொல்லித்தான் வைத்தார்கள்.

என் ஆத்திரமெல்லாம் முட்டிச் சில்லிலிருந்து கீழே இறங்கும் தசைநாண் மேல். தொடைத் தசை அதை இழுத்துத்தான் காலை நீட்டுகிறது. தொடையெலும்பின் கீழ்முனையை மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. முட்டிக்குக் கீழே மாற்றிய எங்களுக்கோ அது ஒட்டியிருந்த எலும்பையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இயற்கையில் நாண், நார்க் குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, எலும்பு என்று படிப்படியாக இறுகிப் போய்ச் சேர்கிறது. உலோகத்தில் ஏது படி? முன்பக்கத் துளையில் தடித்த நூலால் கட்டுவார்கள், சிலர் பாலியெஸ்டர் வலைக்குழாய் மாட்டி அதில் தைப்பார்கள். நூல் தளர்வதற்குள் சதை வந்து பிடித்தாக வேண்டும். அதற்காக ஆடுசதையின் உள்பாதியை முன்னால் திருப்பி, உலோகத்தை மூடி, நாணை அதோடும் சேர்த்துத் தைக்கிறார்கள். பின்னால் கிடந்த சதை முன்னால் வந்து காவல் நிற்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அங்கே தோல் மெலிசு. இந்தப் போர்வை இல்லாவிட்டால் தொற்று சுலபமாக உள்ளே போய்விடும்.

ஆனாலும் கால் முழுசாக நீளாது. கையால் தூக்கினால் நேராகிறது. நானாக நீட்டினால் கடைசியில் கொஞ்சம் தொங்குகிறது. சமதரையில் யாருக்கும் தெரியாது. படி இறங்கும்போதும், பஸ்ஸில் நின்றுகொண்டு போகையில் பிரேக் போடும்போதும் முட்டி மடங்கப் பார்க்கும், கை தானாகத் தொடைக்குப் போகும். கட்டிலில் ஏறக் கைலியைப் பிடித்துத்தான் காலைத் தூக்கி வைக்கிறேன். புஷ் மாற்றும்போதே இதையும் இழுத்துக் கட்டுங்களேன் என்றேன். பிடித்திருக்கும் சதையையும் கலைக்கச் சொல்கிறீர்களா என்று டாக்டர் சிரித்தார். நியாயம்தான். எரிச்சல் போகவில்லை.

பையனுக்கு ஒன்று: ஆறு வாரம் காலை நீட்டியபடி பிரேஸ் போடச் சொன்னால், அரிக்கிறது என்று கழற்றாதே. முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பக்கத்துப் படுக்கையோடு போட்டி வேண்டாம். அதை அப்புறம் பழக்கிக்கொள்ளலாம்.

வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கட்டும். என் மார்க் பத்துக்கு நான்கு. நேற்று லிஃப்ட் ஓடியிருந்தால் ஏழு போட்டிருப்பேன்.