காலையில் மரை, மாலையில் தப்பு: நுவரெலியாவில் ஒருநாள் சுற்றுலா

கொழும்பிலிருந்து வந்த மச்சான் குடும்பத்துக்காக, நுவரெலியாவில் சுற்றுலா நடத்தும் ஒருவரிடம் ஒருநாள் பயணம் பதிந்தோம். காலையில் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, மாலையில் 'தோட்டத்துக் கலைநிகழ்ச்சி', இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். தேயிலைத் தோட்டத்து ஹட்டன்காரன் காசு கொடுத்துத் தப்பு மேளம் பார்க்கப் போகிறான் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

காலைப் பகுதிக்குக் குறை சொல்ல வாயில்லை. நாலரை மணிக்கே வேன் வந்துவிட்டது. "அண்ணே, பையில பொலித்தீன் இருந்தா இப்பவே எடுத்துடுங்க, கேட்டுல சோதிப்பாங்க" என்று வழிகாட்டித் தம்பி ரொட்டியைக்கூடக் கடதாசியில் சுற்ற வைத்தார். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறிவிட்டால் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் தெரியும் என்பதால், ஒன்பது கிலோமீட்டர் சுற்றில் பேக்கர்ஸ் அருவியைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கிவிட்டு நேரே அங்கே நடத்திப்போனார். கிட்டத்தட்ட 870 மீட்டர் பள்ளம், ஒரு துண்டு மேகமில்லை. மச்சானுக்குப் பேச்சே வரவில்லை, அது அபூர்வம்.

சிறுத்தை இருக்கிறது, ஆனால் காட்டித் தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்தது. மரை என்கிற பெரிய மானுக்கு பிஸ்கட் நீட்டிய மருமகளை மெதுவாகத் தடுத்தார். அப்புறம் பாசி பிடித்த ஒரு தண்டின் முன் நின்று விரல் காட்டினார். இரண்டு நிமிடம் எனக்குப் பாசிதான் தெரிந்தது, பிறகு அந்தப் பாசியின் ஒரு பகுதி கண் சிமிட்டியது: மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஒரு ஓணான். இலங்கை மலைக்காடுகளில் மட்டும் இருப்பதாம். நாற்பது வருடம் இந்த மலையில் இருந்தும் நான் கண்டதில்லை.

மாலைதான் சொதப்பல். மாசியில் கம்பம் ஊன்றி, விரதமிருந்து, கடைசி இரவு விடிய விடிய ஆடி மன்மதனை எரிக்கிற காமன் கூத்தை, ஜூலை மாதத்தில், ஒரு கடையின் பின்கொட்டகையில் கால் மணி நேரத்தில் முடித்தார்கள். ரதி அழத் தொடங்குமுன்னே மைக்கில் ஆங்கில விளக்கம். ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன், பொறுப்பாளர் மழுப்பினார்.

தப்புக்காரப் பெரியவர் மட்டும் அவசரப்படவில்லை. தீயில் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி காய்ச்சினார். முதல் அடியில் நெஞ்சு அதிர்ந்தது. பேசியதில் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரராம். "மாசிக்கு லயத்துக்கு வாங்க தம்பி, காசு எதுக்கு?" என்று தோட்டத்து வரிசை வீடுகளுக்கு அழைத்தார்.

காலையை மட்டும் தனியாகப் பதிய முடியுமா என்று கேளுங்கள், தருகிறார்கள்.