பழைய பிரிண்டர், புது போன், ஒரே ரவுட்டர்: டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23

ரவுட்டரை மாற்றியதும் புது போன்களில் சிக்கல் வருவது அபூர்வம். பல வருஷத்துப் பிரிண்டர், ஸ்மார்ட் பிளக், வைஃபை கேமரா, பழைய லேப்டாப் இவைதான் மக்கர் பண்ணும். இப்படிக் கலவையான கருவிகள் உள்ள வீட்டுக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 நல்ல தேர்வு. வேகத்துக்காக இதைச் சொல்லவில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு பேண்டையும் (அலைவரிசை) தனித்தனிப் பெயரில், தனித்தனிப் பாதுகாப்பு முறையில் ஓட்டலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

பெட்டியில் போட்டிருக்கும் ஏஎக்ஸ்1800 என்ற எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். 2.4-இன் 574 எம்பிபிஎஸ்ஸையும் (நொடிக்கு மெகாபிட்) 5-இன் 1201 எம்பிபிஎஸ்ஸையும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண் அது. எந்த ஒரு கருவிக்கும் அந்த மொத்தம் கிடைக்காது. வைஃபை 6 (இந்த ரவுட்டரின் வைஃபை தலைமுறை) உள்ள போன் 1201 என்று இணைப்பு வேகம் காட்டினாலும், அதே அறையில் உண்மையில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். 100 முதல் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளானுக்கு இது தாராளம்.

இணையம் உள்ளே வரும் வான் போர்ட் ஒன்று, வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் லேன் போர்ட் நான்கு, ஐந்துமே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்). விலை குறைந்த பல ரவுட்டர்களில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்; அவற்றில் எந்தப் பிளான் போட்டாலும் 95-ஐத் தாண்டாது. ஃபைபர் மோடத்திலிருந்து வரும் கேபிளையும் பாருங்கள். எட்டுக் கம்பியில் நாலை மட்டும் முனையில் பொருத்தி கிரிம்ப் செய்திருந்தால் கிகாபிட் போர்ட்டும் 100-க்கு இறங்கிவிடும். கேட்5இ கேபிளில் எட்டுக் கம்பியும் போட்டு கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.

அமைப்பில்தான் இந்த ரவுட்டரின் அருமை தெரியும். முதலில் ஸ்மார்ட் கனெக்ட் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். அது இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் காட்டும், 2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பிளக்கை, 5-இல் இருக்கும் போனிலிருந்து சேர்க்கும்போது பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்து, 2.4-க்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, குறியாக்கம் ஏஇஎஸ். இப்படிச் செய்தால் திரை இல்லாத பிரிண்டரும் பிளக்கும் கேமராவும் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் ரீசெட் செய்யும் வேலை மிச்சம்.

2.4-இல் அதைவிடப் புதிய முறையான டபிள்யூபிஏ3 வேண்டாம். டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலவை முறைகூட சில பழைய கருவிகளுக்கு ஒத்துவராது. கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான கூடுதல் பாதுகாப்பைப் பற்றி ரவுட்டர் அறிவிப்பதைப் புரிந்துகொள்ளாமல் அவை இணைய மறுக்கும். 5-க்கு வேறு பெயர் வைத்து அந்தக் கலவை முறையைப் போடுங்கள். எல்லாம் புதுக் கருவிகள் என்றால் அங்கே டபிள்யூபிஏ3 மட்டும் போதும்.

பழைய லேப்டாப்பில் புது வைஃபையின் பெயரே தெரியவில்லை என்றால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். இன்டெல் 7260, 7265, 3160 போன்ற வைஃபை கார்டுகளின் பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ரவுட்டரின் வைஃபை 6 அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் அந்த நெட்வொர்க்கையே பட்டியலில் காட்டாது. இன்டெல் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். டிரைவரைத் தொட முடியாத கருவிகளுக்காக 2.4-இன் மோடை பி/ஜி/என் (வைஃபை 6-க்கு முந்தைய தலைமுறைகள்) கலவைக்கு மாற்றி, அந்தப் பேண்டில் மட்டும் வைஃபை 6-ஐ நிறுத்திவிடலாம். புதுக் கருவிகள் 5-இல் இருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. கூடவே சேனல் (பேண்டுக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் பாதை) அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்த ஒன்று. ஆட்டோவில் விட்டால் 12, 13-க்குப் போகும் வாய்ப்புண்டு. சில பழைய கருவிகளுக்கு அந்தச் சேனல்கள் கண்ணில் படாது. 5-இல் சேனல் 36 அல்லது 149 வைப்பது நல்லது.

விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் ஸ்மார்ட் பிளக்கைப் போடலாம், பிரிண்டரைப் போடக் கூடாது. கெஸ்ட்டில் இருப்பவை வீட்டுக் கருவிகளோடு பேச முடியாது, அச்சு வராது. டபிள்யூஇபி என்ற பழைய, பலவீனமான பாதுகாப்பு முறை மட்டும் தெரிந்த பழங்காலக் கருவிக்கு ஈதர்நெட் போர்ட் இருந்தால் கேபிளில் இணையுங்கள். அதற்காக வீட்டுப் பாதுகாப்பைத் தளர்த்துவது சரியல்ல.

மாற்றுவதற்கு முன்பே இணைப்பு பிபிபிஓஇ (யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்) வகையா என்று கேட்டு, யூசர்நேம் பாஸ்வேர்டை வாங்கி வையுங்கள். சில கேபிள் இணைப்பாளர்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) பூட்டி வைத்திருப்பார்கள். விளக்கு எரியும், நெட் வராது. பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள மேக் முகவரியை மேக் குளோன் பகுதியில் போட்டுப் பாருங்கள். பூட்டியிருப்பது வான் பக்க முகவரி என்பதால் கடைசி எழுத்து ஒன்றிரண்டு மாறலாம். ஃபைபர் மோடமே ரவுட்டராகவும் வேலை செய்தால், அதை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் ஏஎக்ஸ்23-ஐ ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் தரும் முறை) ஓட்டுங்கள். இரண்டும் ரவுட்டராக நின்றால் ஒரு பக்கத்துப் போனுக்கு மறுபக்கத்துப் பிரிண்டர் தெரியாமல் போகலாம்.

குறைகளும் உண்டு. யூஎஸ்பி போர்ட் இல்லாததால் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பகிர முடியாது. 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் இல்லை. அதைக் கையாளத் தெரிந்த லேப்டாப்பும் இங்கே 1201-இல் நின்றுவிடும். கான்கிரீட் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டியதுமே இளைத்துவிடும், மாடிக்கு இது ஒன்று போதாது. மேலே ஒரு லேன் கேபிள் இழுத்து இரண்டாவது பெட்டியை வைப்பதே நிலையான வழி. 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பிளான் எடுத்து, எல்லாக் கருவிகளும் புதியவையாக வைத்திருப்பவர்கள் இதைவிட மேலான மாடலைப் பார்க்கலாம்.